அந்தோனியார் பீடத்தடியில் ஒரு பை

2019ஆம் ஆண்டு மே மாதம் 28ஆம் திகதி, செவ்வாய்க்கிழமை. விடியற்காலையில் தூறல் இருந்தது. ஒன்பது மணிக்கு நின்றுவிட்டது. அதன் பிறகு மழையும் இல்லை, வெயிலும் இல்லை. மலைப் பக்கத்திலிருந்து காற்று மட்டும் ஓயாமல் வீசிக்கொண்டிருந்தது. அந்தக் காற்றில் ஆலயத்தின் வாசற்கதவு இருமுறை தானாக அடித்துச் சாத்திக்கொண்டது. இருமுறையும் சலேத்மேரி கையிலிருந்த துடைப்பத்தைக் கீழே போட்டுவிட்டார்.

அவருக்கு அப்போது ஐம்பத்தேழு வயது. பலாபத்வலையில், பெருவீதியிலிருந்து மேலே ஏறும் ஒழுங்கையின் முடிவில் இருக்கும் சிறிய அந்தோனியார் ஆலயத்தை அவர் இருபத்திரண்டு ஆண்டுகளாகக் கூட்டித் துடைத்து வந்தார். பீடத்துணி மாற்றுவது, மெழுகுதிரி வடிசலைச் சுரண்டி எடுப்பது, மணி அடிப்பது, வாசற்கதவுத் திறப்பைப் பத்திரமாக வைத்திருப்பது ஆகியவை அவருடைய வேலைகள். சனிக்கிழமைகளில் முதல் நன்மை வாங்கப் போகும் பிள்ளைகளுக்கு மறைக்கல்வியும் சொல்லிக்கொடுப்பார். எட்டாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவர்தாம். எனினும் வேதசாட்சிகளின் கதைகளை அவரைப் போலச் சொல்லக்கூடியவர் அந்தப் பங்கில் வேறு எவரும் இலர். இரும்புக் கட்டிலில் வாட்டப்பட்ட லவுரேஞ்சியார், காட்டில் சுட்டுக் கொல்லப்பட்ட தேவசகாயம், மன்னாரில் ஞானஸ்நானம் பெற்ற குற்றத்துக்காக வெட்டுண்டவர்கள் என ஒவ்வொருவரையும் அடுத்த லயத்து ஆளைப் பற்றிப் பேசுவது போலச் சொல்லுவார். ஒல்லாந்தர் காலத்தில் குருமார்கள் வேடம் மாறி ஒளிந்து திரிந்ததையும், விளக்கை அணைத்துவிட்டுப் பூசை கண்டவர்களையும் வஹகோட்டைத் திருவிழாவுக்குப் போகும்போதெல்லாம் கேட்டு வந்து சொல்லுவார்.

கதை முடிந்ததும் பிள்ளைகள் ஒரே கேள்வியைத்தான் கேட்பார்கள்.

"நீங்களா இருந்தா என்னா டீச்சர் சொல்லியிருப்பீங்க?"

"வேறென்னா, 'ஆமா, நாந்தான்'னு சொல்லியிருப்பேன். பொய் சொல்லிட்டு உசுரோட இருந்து என்னா செய்றது?"

இந்தப் பதிலை அவர் இருபது ஆண்டுகளாகத் தயங்காமல் சொல்லிவந்தார். அதற்கு எந்தச் சோதனையும் நேரவில்லை.

சோதனை அந்த ஆண்டு உயிர்த்த ஞாயிறன்று தொடங்கியது; அன்று முஸ்லிம் தீவிரவாதக் குழுவொன்று ஆலயங்களிலும் விடுதிகளிலும் தற்கொலைக் குண்டுகளை வெடிக்க வைத்தது. அவருடைய ஒரே மகன் சதீஸ்குமார் நீர்கொழும்பில் இரும்புச் சாமான் கடையொன்றில் வேலை செய்துவந்தான். அன்று காலை அவன் பூசைக்குப் போயிருந்தான். உள்ளே இடமில்லாததால் வெளி மதிலோரம் நின்றான். குண்டு வெடித்தபோது மதில் அவனைக் காத்தது. மூன்றாம் நாள், இடது காது கேளாதவனாக, முதுகில் ஒரு கறுப்புப் பையோடு வீடு வந்து சேர்ந்தான். அந்தப் பையைக் கட்டிலுக்கடியில் தள்ளிவிட்டு, வாசற்கதவின் தாழ்ப்பாளைப் போட்டான். அதற்குப் பிறகு ஐந்து வாரங்களாக அவன் வெளியே வரவில்லை. தாய் வெளியே போனால் உள்ளிருந்து தாழிடுவான். திரும்பி வந்து மூன்று முறை பெயர் சொன்னால்தான் திறப்பான்.

மகன் உயிரோடு இருக்கிறான் என்ற செய்தி வரும்வரை சலேத்மேரி தொலைபேசியைக் கையில் வைத்துக்கொண்டு அந்தோனியாரிடம் ஒரு நேர்த்தி வைத்திருந்தார். ஏழு செவ்வாய்க்கிழமை, ஏழு முறை பணிஸ்.

அந்த நேர்த்தியைப் பற்றி இங்கே சொல்லியாக வேண்டும். வேண்டுதல் கைகூடியவர் செவ்வாய்க்கிழமை நவநாள் வழிபாட்டுக்கு முன்பு பதின்மூன்று பணிஸை, அதாவது சிறு பன்களை, ஒரு பையிலிட்டு, அந்தோனியார் சுரூபத்தின் பீடத்தடியில் வைத்துவிட்டுப் போய்விட வேண்டும். வைத்தவர் இன்னார் என்று ஒருவருக்கும் தெரியக்கூடாது. தெரிந்துவிட்டால் நேர்த்தி செல்லாது. சைவக்காரர்களும் வைப்பார்கள், முஸ்லிம் பெண்கள் சிலரும் பிள்ளை வரம் கேட்டு வைத்ததுண்டு. நவநாள் முடிந்ததும் சலேத்மேரி பையைக் கண்டெடுத்து, வயதானவர்களுக்கும் பிள்ளைகளுக்கும் பணிஸைப் பங்கிடுவார். பையைப் பார்த்தாலே யாருடையது என்று பெரும்பாலும் அவருக்கு விளங்கிவிடும். இருபத்திரண்டு ஆண்டுகளில் ஒரு பெயரைக்கூட அவர் வெளியே சொன்னதில்லை. வீதியோரத்து நுஸ்ரா பேக்கரியின் உரிமையாளர் நளீமும் அவ்வாறே. யாராவது எண்ணிப் பதின்மூன்று பணிஸ் கேட்டால், அவர் முகத்தைப் பாராமலே கட்டிக் கொடுப்பார்.

குண்டுவெடிப்புக்குப் பின்னர் ஆலய வாசலில் ஓர் அறிவித்தல் ஒட்டப்பட்டது. பை எதையும் உள்ளே கொண்டுவரக் கூடாது. நேர்த்திப் பொருள்களை வாசலில் திறந்து காட்ட வேண்டும். திறந்து காட்டினால் அது என்ன நேர்த்தி? எனவே ஒருவரும் வைக்கவில்லை. சலேத்மேரிக்கு மட்டும் ஒரு வழி தோன்றியது. திறப்பு அவரிடம் இருந்தது. பையைக் கண்டெடுப்பவரும் அவரே. இடையில் பயப்படுவதற்கு ஆள் ஏது?

பன்புல்லால் முடைந்த அவருடைய கூடையைப் பலாபத்வலையில் அறியாதவர் இல்லை. ஆகையால் எவரும் தம்மிடம் பார்த்திராத பையொன்றை அவர் தேடினார். கட்டிலுக்கடியில் மகனின் கறுப்புப் பை கிடந்தது.

நேர்த்தியின் முதல் செவ்வாயான அன்று பிற்பகல் இரண்டு மணிக்குப் பதின்மூன்று பணிஸையும் அந்தப் பையிலிட்டு, சுரூபத்தின் பின்புறம், பீடத்துணியின் மறைவில் வைத்தார். பிறகு பூ வாங்குவதற்காக ஒழுங்கையின் கீழ்முனையிலிருக்கும் பரிமளத்தின் வீட்டுக்குப் போனார். பரிமளம் அம்மன் கோயிலுக்கும் பூக் கொடுப்பார், அந்தோனியாருக்கும் கொடுப்பார்.

நவநாள் ஐந்து மணிக்கு. அதற்கு முன்பு இராணுவத்தினர் வந்து ஆலயத்தைப் பரிசோதிப்பது வழக்கமாகியிருந்தது. வழக்கமாக நாலரை மணிக்கு வருவார்கள்; அதற்குள் திரும்பி வந்து பையை எடுத்துவிடலாம் என்பது சலேத்மேரியின் கணக்கு. அன்று மூன்று மணிக்கே வந்துவிட்டார்கள்.

சலேத்மேரி பூக்களோடு மேலே ஏறியபோது முற்றத்தில் பங்குச்சாமி நின்றார். அவர் முகத்தில் இரத்தமே இல்லை. இரண்டு சிப்பாய்கள் ஆலயக் கதவிலிருந்து பின்னோக்கியே நடந்து வந்துகொண்டிருந்தார்கள்.

"சலேத், அங்கயே நில்லுங்க! அந்தோனியார் காலடியில கறுப்பு பேக் ஒண்ணு இருக்கு. யாருது? யாராச்சும் வந்தாங்களா?"

பதில் அவருடைய தொண்டை வரை வந்தது. அதே நேரத்தில் அதிகாரி ஒருவர் துப்பாக்கியோடு அவர் பக்கம் திரும்பினார். பையின் உட்புறத்தில் நீல மையால் எழுதப்பட்ட மகனின் பெயர் சலேத்மேரியின் நினைவுக்கு வந்தது. உயிர்த்த ஞாயிறன்று நீர்கொழும்பில் ஆலயத்தருகே நின்றவன்; உள்ளே போகாமல் வெளியே நின்றவன்; ஐந்து வாரங்களாகக் கதவைத் தாழிட்டுக்கொண்டு கிடப்பவன். இதையெல்லாம் ஒரு பொலிஸ்காரர் அடுக்கிப் பார்த்தால் எப்படித் தோன்றும்? கேள்வி கேட்பதற்குக் கொண்டுபோனவர்கள் பல வாரங்களாகத் திரும்பவில்லை என்ற பேச்சு ஊரெங்கும் இருந்தது.

"தெரியலைங்க சாமி."

இரண்டே சொற்கள். சொன்ன பிறகு அவற்றைத் திரும்ப எடுக்க இயலவில்லை. ஒழுங்கையிலிருந்த வீடுகளை எல்லாம் காலி செய்யச் சொன்னார்கள். குண்டு செயலிழக்கச் செய்யும் பிரிவினர் வந்தார்கள். கயிற்றில் கொக்கி மாட்டிப் பையை முற்றத்துக்கு இழுத்தார்கள். மக்கள் பெருவீதியில் கூடி, காதைப் பொத்திக்கொண்டு நின்றார்கள். சலேத்மேரி காதைப் பொத்தவில்லை. சதீஸ்குமார் வீட்டைவிட்டு வரமாட்டேன் என்று கட்டிலுக்கடியில் கிடப்பதாக யாரோ சொன்னார்கள். ஓடிப்போய் அழைத்துவர அவருக்கு அனுமதி கிடைக்கவில்லை.

நாலேகாலுக்கு வெடிக்க வைத்தார்கள்.

சத்தம் மலையில் மோதித் திரும்பி வந்தது. பிறகு ஒன்றும் நடக்கவில்லை. காகங்கள் மட்டும் முற்றத்தில் இறங்கின. சிறிது நேரம் கழித்து ஒரு சிப்பாய் எதையோ குனிந்து எடுத்து, முகர்ந்து பார்த்துவிட்டுச் சிங்களத்தில், "பணிஸ்" என்றார்.

எவரும் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் அத்தோடு முடிந்திருக்கும். பெயர் எழுதிய பை சுக்குநூறாகியிருந்தது; ஆனால் சிப்பாயின் மறுகையில் கிழிந்த கடதாசித் துண்டொன்று இருந்தது. அதில் 'நுஸ்ரா பேக்கரி' என்ற முத்திரை தெளிவாகத் தெரிந்தது.

மாலை ஆறு மணிக்கு, நோன்பு திறப்பதற்குச் சற்று முன்பாக, நளீமைப் பொலிசார் அழைத்துச் சென்றார்கள்.

புதன்கிழமை காலையில் பரிமளம் சலேத்மேரியின் வீட்டு வாசலில் வந்து நின்று, குரலைத் தாழ்த்திக்கொண்டு பேசினார்.

"கேட்டியா மேரி? ஒத்திகை பாத்திருக்கானுகளாம். மொதல்ல பணிஸ வச்சுப் பாக்குறது. யாரும் கண்டுக்கலைன்னா அடுத்த வாரம் நெசமான குண்டு. கடைத்தெருவெல்லாம் அதான் பேச்சு. நேர்த்தின்னா, தடை போட்ட பெறகு பேக்கோட யாரு வைப்பா?"

"நளீம் தம்பியா? அவரு அப்பிடிச் செய்வாரா, அக்கா?"

"யாரு மனசுல என்னா இருக்குன்னு எப்பிடித் தெரியும்? ஒண்ணுமில்லைன்னா வாயத் தொறந்து சொல்ல வேண்டியதுதானே. பணிஸ மொத்தமா யாருக்கு வித்தேன்னு கேட்டாங்களாம். 'ஞாபகம் இல்ல, சேர்'ங்கிறானாம். நேத்துக் காலையில வித்தது மறந்து போகுமா? பொலிசுக்கே அங்கதான் சந்தேகம். ஆமா, ஏன் ஒனக்கு இப்பிடி வேர்க்குது?"

"காய்ச்சலா இருக்குக்கா."

"பயம்டி. எனக்கும்தான். ராத்திரி வாளி உருண்டதுக்கு எந்திரிச்சு ஒக்காந்துட்டேன். பூனை!"

பரிமளம் போன பின்னர் சலேத்மேரி அடுப்படியில் உட்கார்ந்துவிட்டார். நளீமுக்கு மறந்து போகவில்லை. செவ்வாய்க்கிழமை காலை ஏழரை மணிக்கு அவர்தாம் தம் கையால் பதின்மூன்று பணிஸையும் எண்ணிக் கட்டிக் கொடுத்தார். வழக்கம் போல முகத்தைப் பாராமல், "மழை விட்டிரும்" என்று மட்டும் சொன்னார். யாருக்கு விற்றேன் என்று சொல்லாதிருப்பது ஒரு நேர்த்தியைக் காப்பாற்றுவதற்காக. அதுவும் வேறொரு மதத்தாரின் நேர்த்தி. அவர் ஒரு பெயரைச் சொன்னால் போதும், வீட்டுக்குப் போகலாம்.

அன்று முழுவதும் சலேத்மேரி சோறு உண்ணவில்லை. மூன்று முறை செருப்பை மாட்டினார். மூன்று முறையும் கழற்றினார். வேதசாட்சிகளின் கதைகளில் இந்தப் பகுதி இருந்ததே இல்லை. அவர்கள் கேட்டவுடன் பதில் சொன்னார்கள். கேட்டபோது பொய் சொல்லிவிட்டு மறுநாள் அடுப்படியில் உட்கார்ந்திருந்த ஒருவரைப் பற்றி எந்தக் கதையையும் அவர் சொல்லிக்கொடுத்ததில்லை. மேலும், அவர்கள் தங்கள் உயிரைக் கொடுத்தார்கள். இங்கே பிடிபடப் போகிறவன் மகன்.

வியாழக்கிழமை பிற்பகல் சதீஸ்குமார் தானாகவே பேச்சைத் தொடங்கினான். காது கேளாத பக்கம் தாய் இருந்ததால் அவன் சற்று உரக்கப் பேசினான்.

"கட்டிலுக்கடியில இருந்த என் பேக் எங்கம்மா?"

அவர் அடுப்பிலிருந்த பானையை இறக்கி வைத்தார்.

"வெடிச்சது அதுதானே?"

"மெல்லப் பேசுடா. யாருக்காச்சும் கேக்கப் போகுது."

"நளீம் நானாவ உள்ள வச்சிருக்காங்களாமே. பரிமளம் பெரியம்மா சொன்னது கேட்டுச்சு. ஒரு காது நல்லாத்தான் இருக்கு."

"ஒன்னயக் கூட்டிட்டுப் போயிருவானுகடா. நீ அங்க நின்ன, இங்க நின்னன்னு ஆயிரம் கேப்பானுக. நீ ஒரு பட்டாசுச் சத்தத்துக்கே…"

"கேட்டா நின்னேன்னு சொல்றேன்." கைகளை முழங்கால்களுக்கிடையில் இறுக்கிக்கொண்டான். "எனக்கும் பயமாத்தாம்மா இருக்கு. ஆனா அவரு வச்ச குண்டா அது? நம்ம வச்ச பணிஸ்."

அவன் எழுந்துபோய்த் தாழ்ப்பாளை நீக்கினான். கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு நின்றான்.

சலேத்மேரி காவல் நிலையத்தை அடைந்தபோது மாலை ஐந்தே முக்கால். வாயிலில் மணல் மூட்டைகளை அடுக்கி, அவற்றின் பின்னால் ஒரு கொன்ஸ்தாபிள் நின்றார். அவருக்கு முன்னால் நளீமின் மனைவி அம்றா வெப்பக் குடுவையொன்றை இரு கைகளாலும் பிடித்தபடி நின்றார். நோன்புக் கஞ்சியின் மணம் மூடியைத் தாண்டி வந்தது. கொன்ஸ்தாபிள் கத்துபவரல்லர், களைத்துப் போன இளைஞர். எந்தச் சாப்பாட்டையும் கொண்டுவந்தவரே முதலில் உண்டு காட்ட வேண்டும் என்பது மேலிடத்துக் கட்டளை என்று சிங்களத்தில் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தார்.

"நான் நோன்பு, மஹத்தயா. இன்னும் பாங்கு சொல்லல்ல. பாங்கு சொன்ன ஒடனே குடிச்சிக் காட்டுறன்."

"ஆறு மணிக்கு மேல் எதையும் உள்ளே விடுவதில்லை."

"ஆறு இருவதுக்குத்தானே பாங்கு!"

"அப்படியானால் இப்போது குடியுங்கள்; இல்லாவிட்டால் கொண்டுபோங்கள்."

அம்றா குடுவையைப் பார்த்தார். மூடியைத் திறந்தார். இருபத்துமூன்று நாள்களாகப் பிடித்த நோன்பு அவருடைய உதட்டருகே வந்து நின்றது. அவர் கண்களை மூடினார்.

"தங்கச்சி, இங்க குடுங்க. நான் குடிக்கிறேன்" என்றார் சலேத்மேரி.

அவர் அப்படிச் சொல்லுவார் என்று அவரே எதிர்பார்த்திருக்கவில்லை. குடுவையை வாங்கி, மூடியில் ஊற்றி, சூட்டோடு ஒரு மிடறு விழுங்கினார். கொன்ஸ்தாபிள் பார்க்கும்படி இன்னொரு மிடறும் விழுங்கினார். நாக்கு வெந்துவிட்டது.

"நீங்கள் யார்? இவருடைய உறவா?"

"இல்லைங்க. நான் அந்தோனியார் பள்ளியக் கூட்டுறவ. பெரிய ஐயாவப் பாக்கணும்." மணல் மூட்டையைப் பிடித்துக்கொண்டார். "அந்தப் பேக் விசயமா."

உள்ளே மேசைக்கு அப்பாலிருந்த பொறுப்பதிகாரி அவர் சொன்னதை முதலில் நம்பவில்லை. நளீமுக்காக யாரோ பேசி அனுப்பியிருக்கிறார்கள் என்றே எண்ணினார். பையின் நிறம், வைத்த இடம், வைத்த நேரம், பணிஸின் எண்ணிக்கை எல்லாவற்றையும் இருமுறை கேட்டார். பை யாருடையது என்று கேட்டபோது சலேத்மேரி மேசையின் விளிம்பை மட்டுமே பார்த்துக்கொண்டு மகனின் பெயரைச் சொன்னார். அவன் எங்கே நின்றான் என்பதையும், காது போனதையும், ஆஸ்பத்திரித் துண்டுச்சீட்டு வீட்டில் இருப்பதையும் சொன்னார். அதிகாரி எழுதினார். பிறகு பேனாவை மேசையில் எறிந்தார்.

"பதின்மூன்று பணிஸுக்காகக் குண்டுப் பிரிவை அழைத்திருக்கிறோம், தெரியுமா? உங்கள் மீது வழக்குப் போடலாம். மகனையும் நாளைக் காலையில் கூட்டிவர வேண்டும்."

"கூட்டியாறேங்க."

நளீமைக் கொண்டுவந்தார்கள். இரண்டு நாள் தாடியும் இடுப்பில் கசங்கிய சாரமுமாக வந்தவர், சலேத்மேரியைக் கண்டதும் சட்டென்று சுவரிலிருந்த நாள்காட்டியைப் பார்க்கத் தொடங்கினார்.

"இந்த அம்மாதானா வாங்கியது?" என்று அதிகாரி கேட்டார்.

"நெறையப் பேர் வாங்குவாங்க, சேர். எனக்கு ஞாபகம் இல்ல."

"தம்பி, நான் சொல்லிட்டேன்" என்றார் சலேத்மேரி. "எல்லாத்தையும் சொல்லிட்டேன். நீங்களும் சொல்லிருங்க."

நளீம் அப்போதுதான் திரும்பி அவர் முகத்தைப் பார்த்தார். நெடுநேரம் பார்த்துவிட்டு, "அவங்க சொன்னாச் சரி, சேர்" என்றார்.

கையெழுத்துகள் வாங்கி முடிப்பதற்குள் பள்ளிவாசலில் பாங்கு ஒலித்தது. நளீமை வெளியே விட்டார்கள். மதிலோரத்தில் நின்றபடியே கணவனும் மனைவியும் அந்தக் கஞ்சியைக் குடித்தார்கள். இரண்டு மிடறு குறைந்திருப்பதை அம்றா கணவருக்குச் சொன்னார். சலேத்மேரி விலகி நின்று, பேருந்து வருகிறதா என்று வீதியைப் பார்த்தார். வந்த முச்சக்கரவண்டி ஒன்றின் புகைக்குழாய் படாரென்று வெடித்ததும் மூவருமே ஒரே நேரத்தில் குனிந்தார்கள். பிறகு ஒருவரையொருவர் பார்க்க வெட்கப்பட்டு நிமிர்ந்தார்கள்.

"ஏனக்கா சொன்னீங்க?" என்று நளீம் கேட்டார். அவர் குரலில் கோபம் இருந்தது. "இன்னும் ரெண்டு நாளைக்கு வச்சிருந்திட்டு விட்டிருப்பானுகள். இப்ப நேர்த்தி போயிட்டுதே."

"போகட்டும் தம்பி. மொதல்லேருந்து ஏழு வாரம் வைக்கிறேன்."

"எல்லாருக்கும் தெரிஞ்சிட்டு. பிறகு எப்பிடி வைக்கிற?"

மறுநாள் காலையில் மகனை அழைத்துக்கொண்டு இதே வாயிலுக்குத் திரும்பி வர வேண்டும். சனிக்கிழமை பிள்ளைகள் வகுப்புக்கு வருவார்கள், கேட்பார்கள். ஞாயிற்றுக்கிழமை பங்கு முழுவதும் அவர் முகத்தைப் பார்க்கும். பேருந்தின் வெளிச்சம் வளைவில் தெரிந்தது. அவர் சேலைத் தலைப்பை இழுத்துத் தோளைப் போர்த்திக்கொண்டார்.

நளீம் குடுவையின் மூடியைத் திருகிக்கொண்டே, கோபம் தணிந்த குரலில் கேட்டார்:

"இனிப் பயமில்லதானே, அக்கா?"

"பயமாத்தான் இருக்கு, தம்பி."